குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள்: ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் இடம்பெற வேண்டும்? – ஒரு விளக்கம்

புதுடெல்லி: இரண்டு வயதைக் கடந்தும் பேசத் தொடங்காத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தை, எழுத்துகளை வரிசை மாற்றி வாசிக்கும் பள்ளி மாணவர். இத்தகைய நிலையில் பெற்றோர் முதலில் நாடுவது மருத்துவரை. அடுத்து நாடுவது கைப்பேசியை. இரு இடங்களிலும் அவர்களுக்குக் கிடைக்கும் பதிலுக்கு அடிப்படையாக ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கக்கூடும்.

அக்கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரிசையாக அச்சிடப்படும் பெயர்களைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஆயினும், ஆய்வைச் செய்தவர் யார், எழுதியவர் யார், தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பெயர்ப் பட்டியலே விடை. அப்பட்டியல் பிழையாக அமைந்தபோது குழந்தைகளும் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. அவை குறித்தும், தற்போது நடைமுறையில் உள்ள விதிகள் குறித்தும் இங்கு காண்போம்.

நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்பவை யாவை?

மூளையும் நரம்பு மண்டலமும் வளரும் பருவத்திலேயே தோன்றி, குழந்தையின் பேச்சு, கற்றல், இயக்கம், சமூகப் பழக்கம், கவனம் ஆகியவற்றைப் பாதிக்கும் நிலைகள் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்று பொதுவாக அழைக்கப்படுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, இவற்றைத் தனியொரு தொகுதியாக வகைப்படுத்தியது.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, இயக்கக் குறைபாடு ஆகியவை இத்தொகுதியில் அடங்கும். இந்தியாவில் நடைபெறும் பொதுச் சுகாதார ஆய்வுகள், பெருமூளை வாதம், வலிப்பு நோய், செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு ஆகியவற்றையும் இவற்றுடன் சேர்த்துக் கணக்கிடுவது உண்டு.

இந்தியாவில் எத்தனைக் குழந்தைகள்?

இக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளுள் முக்கியமானது, இன்க்ளென் அறக்கட்டளையின் தலைமையில் பல நிறுவனங்கள் இணைந்து நடத்தி, 2018-ஆம் ஆண்டு 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு. ஹரியானாவின் பல்வல், இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில், 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகள் இவ்வாய்வில் பரிசோதிக்கப்பட்டனர்.

2 வயது முதல் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், ஏழு வகைக் குறைபாடுகளுள் ஏதேனும் ஒன்று இருப்போர் இடத்திற்கு ஏற்ப 2.9 சதவீதம் முதல் 18.7 சதவீதம் வரை இருந்தனர். ஏடிஎச்டி, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது வகைக் குறைபாடுகள் கணக்கிடப்பட்ட 6 முதல் 9 வயதுப் பிரிவில் இவ்விகிதம் 6.5 சதவீதம் முதல் 18.5 சதவீதம் வரை இருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் காணப்பட்டன.

மருத்துவமனைக்கு வெளியே நிகழும் பிரசவம், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், பிறந்த சில வாரங்களுக்குள் வரும் நோய்கள், மூளைத் தொற்று, குறைந்த எடையுடனோ குறைமாதத்திலோ பிறத்தல், வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியவற்றுடன் இக்குறைபாடுகளுக்குத் தொடர்பு இருப்பதையும் ஆய்வு சுட்டிக்காட்டியது. இவற்றுள் பல, உரிய கவனிப்பின் மூலம் குறைக்கக்கூடியவை.

இத்தகைய ஆய்வைத் தனியொருவர் செய்துவிட இயலாது. குழந்தைகள் நல மருத்துவர், நரம்பியல் நிபுணர், உளவியலாளர், செவித்திறன் வல்லுநர், புள்ளியியலாளர், வீடுவீடாகச் செல்லும் களப்பணியாளர் எனப் பலருடைய உழைப்பு அதில் சேர்கிறது. எனவேதான் இத்துறையின் கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியல் நீளமாக இருக்கிறது. பட்டியல் நீளும்போது, அதில் உரியவர் விடுபடவும் உரிமையற்றவர் நுழையவும் வாய்ப்பு கூடுகிறது.

கட்டுரையாசிரியர் என்பவர் யார்?

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இதற்கு வரையறை வகுத்துள்ளது. 1978-ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய இதழாசிரியர்களிடமிருந்து உருவான இக்குழுவின் பரிந்துரைகளை உலகின் முன்னணி மருத்துவ இதழ்கள் பின்பற்றுகின்றன. ஒருவர் கட்டுரையாசிரியராகக் கருதப்படுவதற்குப் பின்வரும் நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்திருக்க வேண்டும்.

1. ஆய்வைத் திட்டமிடுதல், தரவுகளைத் திரட்டுதல், பகுப்பாய்வு செய்தல் அல்லது விளக்குதல் ஆகியவற்றுள் ஒன்றில் குறிப்பிடத்தக்க பங்களிப்பு.

2. கட்டுரையை எழுதுதல் அல்லது அதன் கருத்துகளைத் திறனாய்ந்து திருத்துதல்.

3. வெளியிடப்படும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்தல்.

4. கட்டுரையின் எந்தப் பகுதி குறித்துக் கேள்வி எழுந்தாலும், அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்றல்.

இவற்றுள் நான்காவது நிபந்தனை 2013-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. நிதி திரட்டித் தருவதோ, துறைத் தலைவராக இருப்பதோ, பொதுவான மேற்பார்வையோ மட்டும் ஒருவரைக் கட்டுரையாசிரியர் ஆக்கிவிடாது. அவ்வாறு உதவியோரின் பெயர்கள் நன்றியுரைப் பகுதியில் இடம்பெற வேண்டும்.

இவ்விதி இருவழிகளில் மீறப்படுகிறது. பங்களிப்பு ஏதுமின்றி, பதவியையோ நட்பையோ கருதி ஒருவர் பெயரைச் சேர்ப்பது அன்பளிப்பு ஆசிரியர் முறை. உண்மையில் எழுதியவரின் பெயரை மறைத்துவிடுவது நிழல் ஆசிரியர் முறை. குழந்தைகள் நலத்துறை இவ்விரண்டு வகைச் சிக்கல்களையும் கண்டுள்ளது.

13 பெயர்களுடன் வெளியான கட்டுரை

1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று 'லான்செட்' இதழில், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு தலைமையில் ஒரு கட்டுரை வெளியானது. 12 குழந்தைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரை, அவர்களுடைய குடல் பாதிப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் விவரித்து, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியுடன் தொடர்பு இருக்கக்கூடும் என்ற ஐயத்தை எழுப்பியது. அதில் 13 பேர் கட்டுரையாசிரியர்களாக இடம்பெற்றிருந்தனர்.

பத்திரிகையாளர் பிரையன் டீர் மேற்கொண்ட புலனாய்வு, தடுப்பூசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றதை வெளிக்கொணர்ந்தது. அத்தொகை, செலவுகள் நீங்கலாக 4,35,643 பவுண்டுகள் எனப் பின்னர் தெரியவந்தது. இந்த நலன் முரண் கட்டுரையில் தெரிவிக்கப்படவில்லை.

2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம், 13 பேரில் 10 பேர் கட்டுரையின் விளக்கப் பகுதியைத் தாங்கள் திரும்பப் பெறுவதாக அறிவித்தனர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அவர்கள் தெளிவுபடுத்தினர். கட்டுரை வெளியாகி அப்போது ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் நடத்திய நீண்ட விசாரணையில், வேக்ஃபீல்டு நேர்மையற்ற முறையில் நடந்துகொண்டதாக 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவு செய்யப்பட்டது. பிப்ரவரியில் 'லான்செட்' அக்கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு 'பிஎம்ஜே' இதழில் வெளியான டீரின் கட்டுரைத் தொடர், குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளுக்கும் கட்டுரையில் அச்சான விவரங்களுக்கும் இடையிலான முரண்பாடுகளைப் பட்டியலிட்டது.

பெயர் போட்டவர் அனைவரும் ஒரே அளவு பொறுப்பாளிகளா?

இக்கட்டுரையின் மற்றொரு மூத்த ஆசிரியரான ஜான் வாக்கர்-ஸ்மித்தின் பெயரும் 2010-ஆம் ஆண்டு பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், கவுன்சில் குழு தன் முடிவுக்குப் போதிய காரணம் கூறவில்லை என்று கருதிய உயர் நீதிமன்றம், 2012-ஆம் ஆண்டு அவர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. விசாரணைக்கு உள்ளான மூன்றாவது மருத்துவரான சைமன் மர்ச், குற்றமற்றவர் என ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்தார்.

ஒரே கட்டுரையில் பெயர் இடம்பெற்ற மூவருக்கு மூன்று வெவ்வேறு முடிவுகள் கிடைத்தன. யார் தரவுகளைத் தொகுத்தார், யார் நோயாளிகளைக் கவனித்தார், யார் இறுதி வடிவத்தை எழுதினார் என்ற விவரம் கட்டுரையிலேயே தெளிவாக இருப்பின், பொறுப்பைப் பிரித்தறிவது எளிதாகும். பங்களிப்புக் குறிப்பைப் பல இதழ்கள் இன்று கட்டாயமாக்கியிருப்பதன் நோக்கம் இதுவே.

இதற்காக உருவாக்கப்பட்ட 'கிரெடிட்' வகைப்பாடு, கருத்துருவாக்கம், ஆய்வு முறை, தரவு மேலாண்மை, மென்பொருள், முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி திரட்டல் உள்ளிட்ட 14 பணிகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு பணிக்கும் நேராக உரியவரின் பெயர் குறிப்பிடப்படும். 2022-ஆம் ஆண்டு இவ்வகைப்பாடு அமெரிக்காவில் முறையான தரநிலையாக ஏற்கப்பட்டது.

ஒரு கட்டுரையின் விலை

1998 கட்டுரைக்குப் பின் இங்கிலாந்தில் எம்எம்ஆர் தடுப்பூசி செலுத்திக்கொண்ட குழந்தைகளின் விகிதம், 1990-களின் நடுப்பகுதியில் இருந்த சுமார் 92 சதவீதத்திலிருந்து 2003-04-இல் 80 சதவீதமாகச் சரிந்தது. இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் 1998-இல் 56 ஆக இருந்த உறுதிசெய்யப்பட்ட தட்டம்மைப் பாதிப்பு, 2008-இல் 1,300-ஐத் தாண்டியது.

தொடர்பு உண்டா என்பதை அறியப் பல நாடுகள் மீண்டும் மீண்டும் ஆய்வு செய்ய நேர்ந்தது. டென்மார்க்கில் 2002-ஆம் ஆண்டு 5,37,303 குழந்தைகளின் பதிவுகளும், 2019-ஆம் ஆண்டு 6,57,461 குழந்தைகளின் பதிவுகளும் ஆராயப்பட்டன. எம்எம்ஆர் தடுப்பூசி ஆட்டிசத்துக்கான வாய்ப்பை அதிகரிக்கவில்லை என்பதே இரு ஆய்வுகளின் முடிவு.

தடுப்பூசி குறித்த அச்சம் இந்தியாவுக்கும் புதிதன்று. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகியவற்றில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பு மற்றொரு வகையானது. உண்மைக் காரணங்களையும் உதவும் பயிற்சிகளையும் கண்டறியச் செலவிட்டிருக்கக்கூடிய நிதியும் ஆண்டுகளும், இல்லாத தொடர்பை மறுப்பதில் கழிந்தன. குழந்தைக்குத் தடுப்பூசி செலுத்திய தாய்மார்கள் தேவையற்ற குற்ற உணர்வைச் சுமந்தனர்.

பெயர் மறைந்த எழுத்தாளர்

குழந்தைகள் மனநலத் துறையில் நிழல் ஆசிரியர் முறைக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 'ஆய்வு 329'. மனச்சோர்வுக்கான பாராக்செட்டின் மருந்தை வளரிளம் பருவத்தினரிடம் சோதித்த இவ்வாய்வின் கட்டுரை, 2001-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநல மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியானது. அதில் 22 பேர் கட்டுரையாசிரியர்கள். ஆனால், மருந்து நிறுவனத்தால் அமர்த்தப்பட்ட தகவல் தொடர்பு நிறுவனம் ஒன்றின் எழுத்தாளர் முதல் வரைவைத் தயாரித்தது, பின்னர் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் தெரியவந்தது.

மருந்து பயனுள்ளது, பொதுவாகத் தாங்கக்கூடியது என்று கட்டுரை கூறியது. அதே ஆய்வின் மூலத் தரவுகளைத் தனிக்குழு ஒன்று மறு ஆய்வு செய்து 2015-ஆம் ஆண்டு 'பிஎம்ஜே' இதழில் வெளியிட்டபோது, பயன் நிறுவப்படவில்லை என்றும், தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் அதிகரித்தன என்றும் முடிவு வந்தது. இம்மருந்தை 18 வயதுக்குட்பட்டோருக்குச் சட்டவிரோதமாக விளம்பரப்படுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் தொடர்பில், கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு அமெரிக்க அரசுடன் 300 கோடி டாலர் உடன்பாட்டுக்கு வந்தது.

மனச்சோர்வு, நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளின் தொகுதியில் சேராது. எனினும், குழந்தைகளுக்கான மருந்து குறித்த கட்டுரையை எழுதியவர் யார் என்பதை வாசகர் அறிய வேண்டிய தேவை இரண்டுக்கும் பொதுவானது.

வரலாறு மறந்த பெயர்

ஆட்டிசம் என்றதும் நினைவுகூரப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று, 1943-ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய லியோ கானர். மற்றொன்று, 1944-ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்ட வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். ஆனால், இவர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கீவ் நகரில் பிறந்து மாஸ்கோவில் பணியாற்றிய குழந்தைகள் மனநல மருத்துவர் குரூன்யா சுகரேவா, ஆறு சிறுவர்களிடம் இதே தன்மைகளைக் கண்டு விரிவாகப் பதிவு செய்திருந்தார். அக்கட்டுரை 1925-இல் ரஷ்ய மொழியிலும், 1926-இல் ஜெர்மன் மொழியிலும் வெளியானது.

தனித்திருக்க விரும்புதல், மாற்றத்தை ஏற்க மறுத்தல், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலிகளைத் தாங்க இயலாமை என அவர் குறிப்பிட்டவற்றுள் பல, இன்றைய டிஎஸ்எம்-5 கையேட்டின் விவரிப்புடன் ஒத்துப்போகின்றன. 1996-ஆம் ஆண்டு எடின்பரோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் சூலா வுல்ஃப், அக்கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட பின்னரே ஆங்கில உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. சுகரேவா அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1981-இல் காலமாகிவிட்டார்.

இவ்விடுபடல் ஒரு தனிநபருக்கு நேர்ந்த அநீதியுடன் நின்றுவிடவில்லை. பெண் குழந்தைகளைப் பற்றியும் சுகரேவா 1927-ஆம் ஆண்டு எழுதியிருந்தார். அது கவனிக்கப்படாத நிலையில், ஆட்டிசம் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே உரியது என்ற கருத்து பல்லாண்டுகள் வேரூன்றியது. பெண் குழந்தைகளிடம் இந்நிலை தாமதமாகவே கண்டறியப்படுவது இன்றும் தொடரும் குறை.

இதற்கு நேர்மாறாக, ஆஸ்பெர்கரின் பெயர் ஒரு நோய்க்குறிக்கே சூட்டப்பட்டு 1994-ஆம் ஆண்டு டிஎஸ்எம் கையேட்டில் இடம்பெற்றது. 2013-இல் அப்பிரிவு ஆட்டிசத்தின் பொது வகைக்குள் இணைக்கப்பட்டது. நாஜி ஆட்சிக் காலத்தில், குழந்தைகள் கொல்லப்பட்ட 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' மருத்துவமனைக்கு அவர் குழந்தைகளை அனுப்பியதை, வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களுடன் வெளியிட்டார்.

இந்தியாவில் விதிகள் என்ன?

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட விளக்கத்தில், பட்டியலின் முதல் இரு இடங்களில் உள்ளோருக்கே மதிப்பு அளிக்கப்பட்டது. 2020-இல் அது முதல் மூவர் அல்லது தொடர்பு ஆசிரியர் என விரிவாக்கப்பட்டது. பல துறைகள் கூடிச் செய்யும் நரம்பு வளர்ச்சி ஆய்வுகளில், மூன்றாம் இடத்துக்குப் பின் வருவோரின் உழைப்பு இக்கணக்கில் சேர்வதில்லை என்றும், முன்வரிசைக்கான போட்டியை இது தூண்டுகிறது என்றும் ஆய்வாளர்கள் குறை கூறுகின்றனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், கட்டுரையாசிரியர் தகுதி குறித்தும் பேசுகின்றன. 2019-இல் ஆய்வு நேர்மை மற்றும் வெளியீட்டு நெறிமுறைக்கான தனிக் கொள்கையையும் அக்கவுன்சில் வெளியிட்டது. உயர்கல்வி நிறுவனங்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது.

இவ்வளவு விதிகளுக்கு இடையிலும், கட்டுரையில் ஆசிரியர் இடத்தைப் பணத்துக்கு விற்கும் 'கட்டுரை ஆலைகள்' உலகெங்கும் இயங்குகின்றன. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி ஒரே பதிப்பகத்தின் இதழ்களைச் சேர்ந்தவை.

முன்னெழுத்தும் பெயர்க் குழப்பமும்

பெயர் விடுபடாமல் இருந்தும், தவறாக அச்சாவதால் ஆய்வாளர்கள் அடையாளம் இழப்பதுண்டு. மேற்கத்திய குடும்பப் பெயர் முறையை அடிப்படையாகக் கொண்ட தரவுத்தளங்களில், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபு பொருந்துவதில்லை.

எடுத்துக்காட்டாக, ராமசாமியின் மகன் முருகன் ஒரு கட்டுரையில் 'முருகன் ஆர்.' என்றும், மற்றொன்றில் 'ராமசாமி எம்.' என்றும் பதிவாகக்கூடும். கணினிக்கு இவர்கள் இருவர். ஒரே பெயருடைய பலர் ஒருவராகக் கணக்கிடப்படுவதும் நிகழ்கிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிக்கொள்ளும் பெண் ஆய்வாளர்களுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

இதற்குத் தீர்வாக 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஆர்கிட்' என்னும் 16 இலக்க அடையாள எண் அறிமுகமானது. ஆய்வாளர்கள் கட்டணமின்றிப் பெறக்கூடிய இவ்வெண், பெயரின் எழுத்துக்கூட்டல் எவ்வாறு மாறினாலும் மாறாது.

திருத்த அறிவிப்பும் திரும்பப் பெறுதலும்

வெளியான கட்டுரையில் ஒருவரின் பெயர் பிழையாக அச்சாகியிருந்தாலோ, பணிபுரியும் நிறுவனம் தவறாக இருந்தாலோ, தகுதியான ஒருவர் விடுபட்டிருந்தாலோ, இதழ் திருத்த அறிவிப்பு வெளியிடுகிறது. இது மூலக் கட்டுரையுடன் நிரந்தரமாக இணைக்கப்படும். பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ, அனைத்து ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் உரிய விளக்கமும் தேவை.

இத்தகைய திருத்தத்தைக் கண்டு ஆய்வின் முடிவே தவறு என்று கருத வேண்டியதில்லை. தரவுகளோ முடிவுகளோ நம்பத்தகாதவை என உறுதியானால் கட்டுரை திரும்பப் பெறப்படும். விசாரணை நிலுவையில் இருக்கும்போது, இதழ் 'கவலைக் குறிப்பு' ஒன்றை வெளியிடுவதும் உண்டு. 1997-இல் பிரிட்டனில் உருவான வெளியீட்டு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டுதல்கள் இம்மூன்றையும் வேறுபடுத்துகின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கட்டுரையாசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்று மருத்துவ இதழாசிரியர் குழு 2023-இல் அறிவித்தது. கருவியால் பொறுப்பேற்க இயலாது என்பதே காரணம். அதைப் பயன்படுத்தியிருந்தால், எதற்காக எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதைக் கட்டுரையில் தெரிவிக்க வேண்டும்.

களப்பணியாளரும் பெற்றோரும்

ஆட்டிசம் போன்ற நிலைகளை ரத்தப் பரிசோதனையால் உறுதி செய்ய இயலாது. குழந்தையை உற்றுநோக்கியும், பெற்றோரிடம் கேள்வி கேட்டுமே அறிய வேண்டும். 'குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா?' என்ற எளிய கேள்வியையும், கேட்கும் தாய்க்குப் புரியும் வட்டார மொழியில் அமைத்தாக வேண்டும். அந்த மொழியாக்கத்தைச் செய்யும் உளவியலாளரும், பேட்டி காணும் பயிற்சியாளரும் தரவின் தரத்தைத் தீர்மானிக்கின்றனர்.

இவர்களுள் கட்டுரை எழுதுவதில் பங்கேற்க வாய்ப்பளிக்கப்படாதோர், அந்த ஒரு காரணத்தாலேயே ஆசிரியர் தகுதியை இழக்கின்றனர். முதல் நிபந்தனையை நிறைவு செய்தோர் அனைவருக்கும் மற்ற நிபந்தனைகளை நிறைவு செய்யும் வாய்ப்பு வழங்கப்பட வேண்டும் என்று இதழாசிரியர் குழுவின் பரிந்துரை தெளிவாகக் கூறுகிறது. ஆட்டிசம் உள்ளோரும் அவர்களது பெற்றோரும் ஆய்வை வடிவமைப்பதில் பங்கேற்கும் நடைமுறையும் வளர்ந்து வருகிறது. அவர்களுக்கும் இதே விதி பொருந்தும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற விளம்பரத்துடன் எந்தச் சிகிச்சை முன்வைக்கப்பட்டாலும், பெற்றோர் சில கேள்விகளை எழுப்பலாம்.

* கட்டுரை எந்த இதழில், எந்த ஆண்டில் வெளியானது?

* ஆசிரியர்களுள் அச்சிகிச்சையை விற்போர் உள்ளனரா? நலன் முரண் குறிப்பு உள்ளதா?

* எத்தனைக் குழந்தைகள் ஆய்வில் பங்கேற்றனர்? ஒப்பீட்டுக் குழு இருந்ததா?

* வேறு குழுவினர் செய்த ஆய்விலும் அதே முடிவு கிடைத்ததா?

* கட்டுரை பின்னர் திருத்தப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா?

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை எனக் கூறிப் பெருந்தொகை வசூலிக்கப்படும் சூழலில் இக்கேள்விகள் முக்கியமானவை. ஆட்டிசத்துக்கான சிகிச்சையாக ஸ்டெம் செல் முறை பரிந்துரைக்கப்படவில்லை என்றும், அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தெளிவுபடுத்தியது.

எங்கே உதவி பெறலாம்?

2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு உள்ளிட்ட நிலைகளுக்கான பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். மேல் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களை அணுகலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பெருமூளை வாதம் உள்ளிட்ட 21 நிலைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட, 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு, தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தின் கீழ் ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு வழங்கப்படுகிறது.

குழந்தையின் பேச்சிலோ, பார்வைத் தொடர்பிலோ, நடையிலோ ஐயம் ஏற்பட்டால், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நல மருத்துவரை அணுகுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். பயிற்சி எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ, அவ்வளவுக்குக் குழந்தைக்குப் பயன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.